அண்ணன் செய்த எழுத்துரு

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. பழைய தமிழ்க் கோப்புகளை இன்றைய யூனிகோடுக்கு மாற்றித் தரும் தொழிலுக்கு அது ஆகவே ஆகாது. தையல்காரம்மா பென் டிரைவை மேசையில் வைத்தபோதும் வள்ளென்றுதான் விழுந்தேன்.

"ஃபான்ட் எங்கக்கா?"

"அப்படின்னா?"

போன மாதம் இறந்துபோன அவருடைய அண்ணன் அச்சகம் வைத்திருந்தவர். கணினியைப் பழைய இரும்புக்குப் போடுமுன், தங்கை பெயரில் அவர் கடைசியாக எழுதி வைத்திருந்த ஒரே ஒரு கடிதத்தை மட்டும் அண்ணி நகலெடுத்துக் கொடுத்திருக்கிறார். எழுத்துருவையும் எடுக்க வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்? அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை அவரவர் இஷ்டத்துக்கு உட்கார வைத்தார்கள். இந்த மனிதரோ தானே ஒன்று செய்து வைத்திருந்தார். எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று காட்டும் அட்டவணைகள் என்னிடம் நாற்பது இருந்தன; ஒன்றும் ஒத்துவரவில்லை. திரையில் பக்கம் முழுக்க ஆங்கிலக் குப்பை.

"படிக்கவே முடியாதா தம்பி? அவர் பொண்ணு கல்யாணத்துல, சம்பந்தி முன்னாடி நான் எதையோ உளறிட்டேன். பதினோரு வருஷம் என் முகத்துலயே முழிக்கல. கோவத்தோடயே போனாரான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அதற்கு மேல் எப்படிக் கத்துவது? ஒரு சொல் பிடிபட்டால் போதும், அதை வைத்து மற்றதைப் பிடித்துவிடலாம் என்றேன். கடிதத்தின் முதல் சொல்லுக்கு ஐந்து குறிகள். இரண்டாவதும் நான்காவதும் ஒன்றே.

"உங்களை என்னன்னு ஆரம்பிச்சிருப்பார்?"

"பேரைச் சொல்லித்தான். கோவமாச்சே."

அக்காவின் பெயருக்கு ஏழு குறிகள் வேண்டும். 'தங்கைக்கு' என்று போட்டுப் பார்த்தேன். அதுவும் தேறவில்லை.

"சின்ன வயசுல எப்படிக் கூப்பிடுவார்?"

அக்கா தயங்கினார். "அதெல்லாம் எழுதியிருக்க மாட்டாருப்பா."

"சொல்லித் தொலைங்கக்கா."

"வாயாடி."

விரல்விட்டு எண்ணினேன். வ, துணைக்கால், ய, மறுபடி துணைக்கால், ஒரே குறியாக டி. கச்சிதமாகப் பொருந்தியது. அவற்றைப் புது அட்டவணையில் போட்டதும் குப்பைக்கு நடுவே அங்கங்கே தமிழ் எட்டிப் பார்த்தது. அதே சொல் கீழே இன்னும் ஆறு இடத்தில் இருந்தது.

அக்கா திரையில் அந்த ஏழு இடங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"மீதியை மெதுவா செய்ங்க தம்பி," என்றார். "திட்டியிருந்தாலும் பரவாயில்ல."