மூலையில் மாட்டிய ரசமட்டம்

உட்கார்ந்துவிட்டால் வலி இல்லை. எழுந்து நின்றுவிட்டாலும் ஒருமாதிரி சமாளித்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே எழுந்திருப்பது என்று ஒரு வேலை இருக்கிறதே, அதுதான் ரசமட்டத்துக்குப் பிராணசங்கடம்.

அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். அதனால்தான் நீர்க்குமிழி பார்த்து மட்டம் சரிபார்க்கும் அந்தக் கருவியின் பெயரையே தொழிலில் இருந்தவர்கள் அவருக்குச் சூட்டிவிட்டார்கள். பெயர் நிலைத்துவிட்டது, முட்டிதான் நிலைக்கவில்லை. காலமெல்லாம் மண்டியிட்டுச் சம்பாதித்ததில் வலது முட்டி வீங்கிப்போய், மடக்கினால் நீட்டமாட்டேன் என்றும், நீட்டினால் மடங்கமாட்டேன் என்றும் அடம்பிடித்தது.

"தேய்மானம்" என்றார் டாக்டர்.

"தேயறதுக்கு இதென்ன செருப்பா டாக்டர்?" என்று அவரிடமே கேட்டார் ரசமட்டம்.

டாக்டர் சிரித்துவிட்டு, நன்றாக நடக்கச் சொன்னார். மருந்துக் கடைக்காரர் நடக்கவே கூடாது என்றார். சம்பந்தி ஒரு பாட்டில் எண்ணெய் கொடுத்தார். அதைத் தடவியதில் வலி போகவில்லை, பக்கத்தில் படுத்திருந்த மனைவிதான் வேறு அறைக்குப் போனாள். எடையைக் குறைக்கச் சொன்னவர்களிடம், "எல்லாம் எலும்பு கனம்" என்று வயிற்றை எக்கிக்கொண்டு பதில் சொன்னார். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அவருடைய முட்டியைப் பற்றிச் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. என் முட்டியைக் கொடுத்து மாற்றிக்கொள்கிறேன் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

கூட வேலை செய்கிற தம்பி, நாலு சக்கரம் வைத்து ஒரு குட்டி ஸ்டூலே வெல்டிங் செய்து கொண்டுவந்தான். தரையோடு தரையாக உட்கார்ந்து நகர்ந்துகொண்டே வேலை செய்யலாமாம்.

"குழந்தை வண்டியில நீ வேணா போ" என்று அதை வேனின் மூலையில் தள்ளிவிட்டார் ரசமட்டம்.

போன மாதம் ஒரு கடையில் வேலை நடந்தபோது, மடங்கிய முட்டி மடங்கியபடியே நின்றுவிட்டது. தம்பியும் கடைக்காரரும் ஆளுக்கொரு கை பிடித்து, பீரோவைத் தூக்குவதுபோல் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். வேனில் ஏறியதும் தம்பி சொல்லிவிட்டான்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நீ தரையில இறங்கவே கூடாது அண்ணே. வெளிய உட்கார்ந்து கட்டிங் மெஷினைப் பாத்துக்க. அவ்வளவுதான்."

கட்டிங் மெஷின்! வெட்டுவதை யாரும் வெட்டலாம். தரைதானே அவருடையது? தரையை விட்டு எழுப்பிவிட்டால் அப்புறம் ரசமட்டம் என்ற பெயர் எதற்கு? அன்றிலிருந்து வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, தம்பி பார்க்காத நேரமாகப் பார்த்து எழுந்திருந்து காலம் தள்ளினார்.

அன்றைக்கு வேலை ஒரு நர்ஸம்மாவின் வீட்டில். கீழே சாமான் போட்டுவைத்திருந்த சின்ன அறையைப் படுக்கையறையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். தம்பி பசையைக் கலந்து பக்கெட்டை வாசலருகே வைத்தான்.

"டைல்ஸ் இடுக்குல பூச கிரவுட் வாங்கிட்டு வந்துடுறேன். உள்சுவர்லேர்ந்து ஆரம்பி அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இது சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. உள்சுவரில் தொடங்கி, ஒட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து வாசல் வழியாக வெளியேற வேண்டும். தொழிலில் முதல் பாடமே அதுதான். ஆனால் பக்கெட் வாசலில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு உள்சுவர் வரைக்கும் போவதை நினைத்தாலே முட்டி முனகியது. வாசல் பக்கம் ஒரே ஒரு வரிசை போட்டுவிட்டு, அதைத் தாண்டி எழுந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தார்.

வரிசை முடிந்தது. எழுந்திருக்க வேண்டும். இன்னும் ஒரு வரிசை போட்டுவிட்டு எழுந்துகொள்ளலாமே என்று தோன்றியது. காலை நீட்டிக்கொண்டு, பக்கெட்டை இழுத்துக்கொண்டு, பின்பக்கமாகத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தார். கரணை ஓடியது, ரப்பர் சுத்தி தட்டியது. வலி இல்லாமல் வேலை செய்து எத்தனை நாளாகிவிட்டது! அந்தச் சுகத்தில் அடுத்த வரிசையும், அதற்கடுத்த வரிசையும் போட்டார். கடைசியில் முதுகில் ஏதோ இடித்தது.

சுவர்.

நிமிர்ந்து பார்த்தார். வாசல் எதிரே தூரத்தில் இருந்தது. நடுவே அறை முழுக்க ஈரப்பசையின் மேல் டைல்ஸ், ஒரு மயிரிழை ஏற்ற இறக்கம் இல்லாமல் பளபளத்தது. மூலையில் அவரும் பக்கெட்டும் மட்டும்தான் மிச்சம். எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி முடியாது என்றது.

டியூட்டி முடிந்து வந்திருந்த நர்ஸம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு டம்ளரோடு வந்தார்.

"டீ எடுத்துக்கங்க அண்ணா. அட, அதுக்குள்ள போட்டாச்சா? எவ்வளவு அழகா இருக்கு! ஆமா, நீங்க எப்படி வெளிய வருவீங்க?"

"வந்துடலாம்மா. காஞ்சதும்."

"எப்ப காயும்?"

ரசமட்டம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு" என்றார்.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டதோடு சரி. "அப்ப டீ?"

"வேண்டாம்மா. உள்ள போனது அப்புறம் வெளிய வரணும்ல?"

"போனாப் போகுது, மிதிச்சுட்டே வந்துடுங்க."

"மிதிக்கிறதா? மட்டமே போயிடும்மா!" என்றவர், எரிச்சலில் உண்மையையும் சேர்த்துக் கொட்டிவிட்டார். "மிதிக்கவும் முதல்ல எழுந்திருக்கணும்ல?"

நர்ஸம்மா அவருடைய காலைப் பார்த்தார். "வலது முட்டியா? எனக்கு ரெண்டும். எதுக்காக இந்த ரூமைப் போடறோம்னு நினைச்சீங்க? மாடி ஏறும்போது படிக்குப் படி கடவுளைக் கூப்பிட்டேன். அவருக்கே அலுத்துப்போயிருக்கும்."

உள்ளே போய் ஒரு துண்டைச் சுருட்டி எடுத்துவந்து, வாசலில் நின்று வீசினார். ரசமட்டம் பதறிப்போய் டைல்ஸில் விழாமல் பிடித்தார்.

"முட்டிக்குக் கீழ வைங்க. இப்ப முட்டியால துண்டைத் தரையோட அழுத்துங்க."

"இப்பவாம்மா? இங்கயா?"

"வேற எப்ப? சொல்லச் சொல்ல எல்லாரும் நழுவிடுவாங்க. ஓட முடியாத ஆள் எனக்கு இன்னிக்குத்தான் கிடைச்சிருக்கீங்க. அழுத்துங்க. விடுங்க. மறுபடியும்."

எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று முணுமுணுத்துக்கொண்டே அழுத்தினார்.

"இதைச் செஞ்சா வலி போயிடுமா?"

"போகாது" என்றார் நர்ஸம்மா. "தினமும் செஞ்சா எழுந்திருக்கிறது கொஞ்சம் லேசாகும். அவ்வளவுதான்."

ரசமட்டம் நிமிர்ந்து பார்த்தார். போய்விடும் என்று சொல்லாத முதல் ஆள் இவர்தான். ஏனோ அதுவே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"தம்பிக்கு போன் போடட்டுமா அண்ணா?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம்!" என்று கட்டிங் மெஷின் கதையைச் சொல்லி முடித்தார். நர்ஸம்மா நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு, இரண்டு கையையும் ஊன்றி மெல்ல உட்கார்ந்தார்.

"அவர் எப்படியும் வரத்தான் போறார். வந்து பாக்கறது வேற, நீங்க கூப்பிட்டு வர்றது வேற."

உட்கார்ந்தபடியே, வாசலை ஒட்டிய ஜன்னலில் தொங்கிய சட்டையிலிருந்து ரசமட்டத்தின் போனை எடுத்து ஒரு பையில் போட்டு, தரை துடைக்கிற கம்பின் நுனியில் மாட்டி நீட்டினார். கடவுளே, அவன் வருவதற்குள் காய்ந்துவிடட்டும் என்று ரசமட்டம் ஒரு கணம் வேண்டிக்கொண்டார். நியாயமில்லாத வேண்டுதல் என்று அவருக்கே தெரிந்தது. கேட்டது கிடைக்கவும் இல்லை. ஆனால் கேட்காமலே ஒரு துண்டு வந்திருந்தது, துணைக்கு ஒரு மனுஷியும் வந்து சேர்ந்திருந்தார். கடவுள் அனுப்புவது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, நாமோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ரசமட்டம் போனை எடுத்தார்.

"தம்பி, மாட்டிக்கிட்டேன்டா. வா."

தம்பி வந்தான். வாசலில் நின்று தரையைப் பார்த்தான், மூலையைப் பார்த்தான்.

"அருமையான வேலை அண்ணே. வெளிய வரத்தான் வழி வைக்கலை."

"சொல்லு, இன்னும் நாலு வார்த்தை சொல்லு."

தம்பி கரணையை எடுத்தான். ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாசலிலிருந்து மூலை வரைக்கும் ஒரு வரிசை டைல்ஸைப் பெயர்த்து, பசையைச் சுரண்டிக்கொண்டே வந்தான். அண்ணன் முழு மனதோடு ஒட்டியது ஒவ்வொன்றாகப் பெயர்ந்தது. ரசமட்டத்துக்குப் பல் பிடுங்குவதுபோல் இருந்தது. பக்கத்தில் வந்ததும் தம்பி, "தோளைப் பிடி" என்றான். இருவரும் சேர்ந்து எழுந்தார்கள்.

'ஆ' என்று ஒரு சத்தம் வந்தது. ரசமட்டம் வாயைத் திறக்கவே இல்லை. தம்பிதான் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது முட்டியை அமுக்கியபடி நின்றான்.

"எவ்வளவு நாளாடா?"

"வீட்ல சொல்லிடாதே அண்ணே."

"அடப்பாவி! எனக்குக் கட்டிங் மெஷின், உனக்கு?"

தம்பி தலையைச் சொறிந்தான். "அந்த வண்டியை முதல்ல எனக்குத்தான் செஞ்சேன். ஏறி உட்கார வெக்கமா இருந்துச்சு. நீ உட்கார்ந்தா நானும் உட்காரலாம்னு பாத்தேன்."

ரசமட்டத்துக்கு அவனை நாலு அறை விடலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் முட்டி இடம் கொடுக்காது. பெயர்த்த வழியே நொண்டிக்கொண்டு வெளியே போய், முதலில் அவசரமான வேலையை முடித்துவிட்டு வந்தார்.

"போய் அந்தச் சனியனை எடுத்துட்டு வா" என்றார்.

சக்கர ஸ்டூலை மூலையில் வைத்து, அதில் உட்கார்ந்து, பெயர்த்த வரிசையை உள்சுவரிலிருந்து ஒழுங்காகத் தொடங்கினார். தம்பி பின்னால் நின்று ஒவ்வொரு டைல்ஸாக எடுத்துக் கொடுத்தான். ஸ்டூல் கிறீச்சிட்டது. முட்டி வலித்தது. குமிழி மட்டும் நடுவில் அசையாமல் நின்றது.

"கட்டிங் மெஷின்?" என்று திரும்பாமலே கேட்டார்.

"காலையில நீ, சாயங்காலம் நான்" என்றான் தம்பி. "மாத்தி மாத்திப் பாத்துக்கலாம்."

வரிசை வாசலை நெருங்கியது. நர்ஸம்மா இன்னும் நாற்காலியிலேயே இருந்தார்.

"நகருங்கம்மா. திரும்பவும் மாட்டிக்கப் போறேன்."

"இருங்க அண்ணா, எழுந்திருக்கணும்ல?" என்றார் நர்ஸம்மா.

மூவரும் காத்திருந்தார்கள்.