தவோராவுக்கு ஓர் இரங்கல் கூட்டம்

போர்த்துக்கலில் ஒரு கிழவர் எப்போது சாவார் என்று உலகத்தின் மறுகோடியில், பாபடோயிட்டோய் என்ற ஊரில் ஒரு மனிதர் வருடக்கணக்காகக் காத்திருந்தார். அந்த மனிதருக்குத்தான் கௌரி வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

பெயர் விநாயகமூர்த்தி. தமிழ்த் திரைப்பட வட்டத்தின் தலைவர். வட்டம் என்றால் என்னவோ ஏதோவென்று நினைத்துவிட வேண்டாம். மழை பெய்யாத ஞாயிற்றுக்கிழமையில் இருபது பேர் வருவார்கள், அதில் பாதிப்பேர் வடைக்கு. சினிமாக்காரர் யார் செத்தாலும் இரங்கல் கூட்டம் வைப்பார்கள். அதைத் தவிர அந்த வட்டம் வேறெதையும் வெட்டி முறித்ததில்லை. எங்காவது ஒரு நடிகர் ஆஸ்பத்திரியில் படுத்தால் போதும், மனுசன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரங்கல் உரை எழுதக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

ஆனால் அனிபால் தவோரா மட்டும் அவருக்குப் பிடிகொடுக்கவில்லை. தொண்ணூற்றிரண்டு வயதில் அந்த இயக்குநருக்கு நெஞ்சுவலி என்று செய்தி வந்தபோதே இவர் இரங்கல் உரையை எழுதி முடித்துவிட்டார். கிழவரோ எழுந்து போய் அடுத்த படத்தை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். இப்போது வயது நூற்று மூன்று. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உரையில் வயதை மட்டும் மாற்றி வைப்பார் விநாயகமூர்த்தி.

“இந்த வருசமும் தப்பிட்டாரே?” என்பாள் கௌரி, தேத்தண்ணியை வைத்துக்கொண்டே.

“உமக்கென்ன விளங்கும்? தவோராவைப் பற்றித் தமிழிலை கதைக்க என்னை விட்டா ஆரிருக்கினம்?”

ஆளைப் பார்! கதைக்க மட்டும்தான் தெரியும். இவரும் ஒரு காலத்தில் இயக்குநர்தான். யாழ்ப்பாணத்தில், கலியாணத்துக்கு முன், பதினைந்து நிமிடப் படம் ஒன்று எடுத்தார். பஸ்ஸுக்காக நிற்கும் பெண்ணாக நடித்தது கௌரி. படச்சுருள் போரில் வீட்டோடு போய்விட்டது. “அடுத்த படத்திலையும் நீர்தான் கதாநாயகி” என்று கலியாணத்தன்று சொன்னார். இந்த நாட்டுக்கு வந்து ஒடாஹுஹுவில் வாடகை வீட்டில் இருந்தபோது சொன்னார். சொந்த வீட்டின் மோர்ட்கேஜ் கட்டி முடிந்த அன்றும் சொன்னார். ஓய்வு பெற்றதும் மகள் நல்ல கமரா ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அது பையோடு அலுமாரிக்கு மேல் ஏறியது, இறங்கவில்லை. வெளிச்சம் சரியில்லையாம். கதை இன்னும் ஊறவேண்டுமாம்.

“தவோராவே அறுபதுக்குப் பிறகுதான் உண்மையிலை தொடங்கினவர்” என்பார். தனக்கு அறுபது தாண்டியதும் அதை எழுபது என்று மாற்றிக்கொண்டார்.

வெட்கக்கேடு என்னவென்றால் கௌரி இன்னமும் நம்பினாள். “பாத்திரத்துக்கு நரைச்ச தலைதான் வேணும், மை பூசாதையும்” என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதற்காக ஐந்து வருடமாகத் தலைக்கு மை பூசவில்லை. கோயிலில் பெண்கள், “என்ன கௌரியக்கா, சுகமில்லையோ?” என்று கேட்டதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

போன வாரம் வட்டத்தின் செயலாளர் ரவிசங்கர் வாட்ஸப்பில் செய்தி அனுப்பினார்: தவோரா காலமானார். விநாயகமூர்த்தியின் முகம் லொத்தர்ச் சீட்டு விழுந்தவனைப்போல மலர்ந்ததைக் கௌரி கண்ணால் கண்டாள். பிறகுதான் அதைச் சோகமாக மாற்றினார்.

ஞாயிறு பிற்பகல் மண்டபத்தில் தவோராவின் பெரிய படம், படத்துக்குச் சாமந்தி மாலை, முன்னால் குத்துவிளக்கு. விநாயகமூர்த்தி தொண்டையைச் செருமினார். தக்கை வியாபாரியின் மகனாகத் தவோரா பிறந்தது, இருபத்தொரு வயதில் ஆற்றுப் படகோட்டிகளை வைத்து முதல் படம் எடுத்தது, சர்வாதிகாரம் வந்து கமராவைப் பிடுங்கியது, கால் நூற்றாண்டு தகப்பனின் தக்கை ஆலையைப் பார்த்துக்கொண்டது என்று உரை நீண்டது.

“அந்த இருபத்தைந்து வருசமும் அவர் காத்திருந்தார். காத்திருப்பதும் ஒரு கலை!”

கைதட்டினார்கள். பாவிகள். அந்த மனுசனைப் படம் எடுக்க விடவில்லை, அதனால் காத்திருந்தார். இவரை யார் பிடித்து வைத்தது? கௌரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது ரவிசங்கர் போனும் கையுமாக மேடைக்கு ஓடினார்.

“சார், ஒரு நிமிஷம் சார். ஆள் சாகல சார்! செத்தது வேற ஒரு தவோராவாம். இவரு நேத்துதான் புதுப்படம் ஷூட்டிங் ஆரம்பிச்சிருக்காரு!”

போன் கைக்குக் கை மாறிக் கௌரியிடமும் வந்தது. திரையில், மடியில் கம்பளியோடு நாற்காலியில் கிழவர். அவர் எதிரே நரைத்த தலையோடு ஒரு பெண், நிமிர்ந்து நின்றாள்.

“அந்தம்மா அவரோட பழைய ஹீரோயின். நாப்பது வருஷத்துக்கு முன்னாடி சொன்ன வாக்காம், அடுத்த கதையும் உனக்குத்தான்னு. இப்ப அறுபத்தாறு வயசு” என்றார் ரவிசங்கர்.

கௌரிக்கும் அறுபத்தாறுதான். அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். சந்தோசப்படுவார் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைத்தாள்.

“இப்ப என்ன?” என்று சினந்தார் விநாயகமூர்த்தி. “எப்பிடியும் நடக்கப்போறதுதானே. இன்னும் நாலு பக்கம் கிடக்கு, இருங்கோ!”

சனம் சிரித்துக்கொண்டு வடைப் பக்கம் எழும்பியது. கௌரி நேரே மேடைக்குப் போய் விளக்கை அணைத்தாள், படத்திலிருந்த மாலையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டாள்.

“உயிரோடை வேலை செய்யிற மனுசனுக்கு மாலை போடாதேங்கோ” என்றாள்.

வரும் வழியில் கார் முழுக்க அவர் புலம்பல்தான். ரவிசங்கர் மானத்தை வாங்கிவிட்டானாம், பேச்சின் உச்சக்கட்டத்தைக் கெடுத்துவிட்டானாம். இந்தியக் கடை வந்ததும், “நிப்பாட்டுங்கோ, ஒரு சாமான் வாங்கோணும்” என்று இறங்கிப்போய்ச் சின்னப் பெட்டி ஒன்றோடு திரும்பினாள். அது என்னவென்று அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதிரையில் ஏறிக் கமராவைப் பையோடு இறக்கினாள். மேசையில் வைத்தாள். அந்த மாலையை அதற்குப் போட்டாள். சாமியறையிலிருந்து ஒரு விளக்கைக் கொண்டுவந்து முன்னால் ஏற்றினாள்.

“மிச்சம் நாலு பக்கம் கிடக்கெண்டனீங்கள். இதுக்கு முன்னாலை நிண்டு வாசியுங்கோ.”

“என்ன விசர் வேலையப்பா இது? விலையான சாமான், பூ ஈரம் பட்டுப் பழுதாப்போகும்!”

அவள் கடையில் வாங்கிய பெட்டியை எடுத்துக்கொண்டாள். குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, பெட்டியைப் பிரித்து, கிண்ணத்தில் மையைக் கரைத்தாள். வாசம் வெளியே போயிருக்க வேண்டும். கதவு தட்டப்பட்டது.

“கௌரி! தலைக்கு மையோ பூசிறீர்? நில்லும், நில்லும், படத்துக்கு நரை வேணுமெல்லோ!”

கண்ணாடியைப் பார்த்து, வகிட்டிலிருந்து தொடங்கினாள் கௌரி.