அசட்டைப் பாத்தி

1

இந்தக் கதை ஒரு குற்றச்சாட்டாக என்னிடம் வந்தது. "உங்க தட்டைப்பயறு ரொம்ப நல்லா இருக்கு சார். இப்படி இருந்தா எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று ஒரு பெண் வீட்டு வாசலில் நின்று சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றவன் நான்தான். ஆனால் துக்கத்தை 'நான்' என்று எழுதினால் வரி கோணிக்கொள்கிறது. எனவே இனி 'அவர்'.

2

முதல் தொடக்கம்: 'உலகில் பசி என்பது' (அடித்துவிட்டேன். மாநாட்டு வாடை.)

இரண்டாவது: 'அவள் போன பிறகு வீடு' (இதுவும் வேண்டாம். எல்லா வீடும் அப்படித்தான்.)

மூன்றாவது: அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அவர் மனைவி சர்வதேச வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பயறு விஞ்ஞானி. அந்த நிலையத்தின் விதை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. கேட்கிற எல்லா நாட்டுக்கும் இலவசம். புது ரகம் தேவலையா என்று பார்க்க ஒரு பழைய ரகத்தோடு ஒப்பிட வேண்டும். ஆனால் நிலையத்தில் அந்தப் பழைய ரகத்தையும் ஆட்கள் உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்கள். நிஜ விவசாயிக்கு ஆயிரம் வேலை. அவன் எங்கே தாங்குவான்? யோசித்துவிட்டு, வீட்டின் பின்புறம் அந்தப் பழைய ரகத்தில் ஒரு பாத்தி போட்டு அவள் கணவரிடம் ஒப்படைத்தாள்.

"ஏங்க, இதுக்குத் தண்ணி ஊத்தணும்."

"சரி."

"ஊத்துவீங்களா?"

"ஊத்துறேன்னு சொல்றேன்ல."

"போதும்" என்று சிரித்தாள். "இதான் எனக்கு வேணும்."

அவர் மறந்தார். ஞாபகம் வந்தபோது ஊற்றினார். மறுபடி மறந்தார். வருடக்கணக்காக நிலையத்தின் எல்லாப் புது ரகங்களும் இந்தப் பாத்தியோடுதான் ஒப்பிடப்பட்டன.*

* இது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் மறதி கெட்டுவிடும் என்பதால் அவள் சொல்லவில்லை.

3

அவள் இறந்ததும் அவர் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். காலையும் மாலையும். களை பிடுங்கினார். அசுவினிப் பூச்சியை ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்தார். அந்தப் பருவத்தில் உலகத்துக்கான புது ரகங்கள் அத்தனையும் தோற்றுப்போயின.

அதனால்தான் வாசலில் அந்தப் பெண். நிலையத்தின் புள்ளிவிவரக்காரர். (இந்தப் பாத்திரத்தை நானே நம்பவில்லை. இவ்வளவு அபத்தத்தை யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசமாட்டார்கள். அந்தப் பெண் பேசினார்.)

"அதுக்கு நான் என்னம்மா பண்ணணும்?"

"பழையபடி இருங்க சார். அசட்டையா."

"சரி, நாளையிலேருந்து ஊத்தல."

"ஐயோ, வேணும்னே பண்ணக்கூடாது. இயல்பா வரணும்."

"வேற யாரையாவது வெச்சுக்கலாமே?"

"வெச்சுப் பாத்தோம். ஒருத்தர் செடியையே கொன்னுட்டார். இன்னொருத்தர் திங்கக்கிழமை திங்கக்கிழமை ஒழுங்கா மறக்கறார். உங்களை மாதிரி வராது. இந்த அளவு அசட்டை காசு கொடுத்தாலும் கிடைக்காதுன்னு மேடமே சொல்வாங்க."

அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என்ன செய்வது.

நிலையம் முழுமூச்சாக இறங்கியது. மாலை ஆனால் இரண்டு மண்ணியல் விஞ்ஞானிகள் சீட்டுக்கட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். இயக்குநர் தொலைபேசியில், "மனித குலத்துக்காகக் கொஞ்சம் மறங்க சார்" என்று கெஞ்சினார். அவர் ஆட்டத்துக்கு நடுவே எழுந்துபோய் ஊற்றிவிட்டு வந்தார்.

மகள் வெளியூரிலிருந்து அழைத்தாள். "ஏம்ப்பா, அம்மா இருந்தப்ப அந்தப் பாத்தி கண்ணுலயே படல. இப்ப என்ன?"

"சாயங்காலம் வேற என்னடி பண்றது?"

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "நல்லா ஊத்துங்கப்பா" என்றாள்.

4

இங்கேயே முடித்திருந்தால் அவர் ஜெயித்திருப்பார். ஆனால் புள்ளிவிவரக்காரர் மறுபடி வந்தார். இந்த முறையும் உட்காரவில்லை.

"ஒரு ரகம் இருக்கு சார். மழை பொய்ச்சாலும் காய்க்கும். இந்தப் பருவம் உங்க பாத்திகிட்ட அதுவும் தோத்தா, ஒதுக்கிடுவாங்க. எந்த ஊருக்கும் போகாது."

"யாரோடது?"

"மேடம் கடைசியா உருவாக்கினது."

அன்று அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மறக்க முயன்றார். பாத்தியை மறக்க வேண்டுமானால் அது யாருடையது என்பதையும் சேர்த்தல்லவா மறக்க வேண்டும்? அதற்குப் பதிலாக அவர்

(இந்த வாக்கியம் மேலே போகவில்லை. கிடக்கட்டும்.)

5

முடிவுகள் சில கைவசம் உண்டு.

ஊற்றாமல் விடுகிறார்; பாத்தி வாடுகிறது; அவள் விதை ஊர் ஊராய்ப் போகிறது.

ஊற்றுகிறார், செடி செழிக்கிறது, அவள் தோற்கிறாள்.

மறுமணம் செய்துகொண்டு எல்லாவற்றையும் மறக்கிறார். (இது இயக்குநரின் யோசனை. மகள் இதைப் படிப்பாள், அடித்துவிட்டேன்.)

நாலாவது இப்போதுதான் கண்ணில் படுகிறது. இதை எழுத உட்கார்ந்தபோது வெயில் இருந்தது. இப்போது எழுத்துத் தெரியவில்லை. விளக்குப் போட வேண்டும். சீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள் போல. நான் தண்ணீர் ஊற்றவில்லை. சத்தியமாக வேண்டுமென்று இல்லை. அவள் சிரித்ததை எப்படி எழுதுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பொழுது போய்விட்டது.

இதை முடித்தால் எழுந்து குழாயடிக்குப் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பகுதியில் 'சிரித்தாள்' என்று எழுதியது சரியில்லை. அவள் சிரித்தது அப்படி இல்லை. அதைத் திருத்த இந்தப் பருவம் முழுக்க ஆகும்.