ரிங்கைக் கால் சுற்று தள்ளிப் போட்ட கதை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பின்னாலிருந்து தள்ளியதில் வந்தது.

காலையில் அபிராமபுரத்திலிருந்து கிளம்பி அடையாறு பாலம் வரை நடந்து திரும்புவது என் வழக்கம். டாக்டர் சொல்லி வந்த வழக்கம், எனக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. அன்றைக்குப் பாலத்தடியில், ரோடு லேசாகச் சரிகிற இடத்தில், ஒரு பழைய டீசல் பிக்கப் நின்றிருந்தது. பின்னால் பூக்கூடைகள். டிரைவர் சீட்டிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"யக்கா, பின்னாடி ஒரு கை குடேன். இன்னிக்கு சரிவு பத்தல."

என்னிடம் முன்னுரை கேட்டிருக்கிறார்கள், நன்கொடை கேட்டிருக்கிறார்கள். வண்டி தள்ள யாரும் கூப்பிட்டதில்லை. தள்ளினேன். வண்டி நகர்ந்தது, குலுங்கியது, என் சுடிதார் மேல் ஒரு கறுப்புப் புகையை விட்டுவிட்டு உறுமியது. அவள் நிறுத்தி நன்றியெல்லாம் சொல்லவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்பாதே. கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாளும் அங்கேதான் நின்றாள். நானும் போய்ச் சேர்ந்தேன்.

2

அவள் பெயர் பாஞ்சாலி. அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். கரையைக் காலி செய்தபோது குடும்பத்தைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். வீடு அங்கே, பிழைப்பு இங்கே. கோயம்பேட்டில் பூ எடுத்து மயிலாப்பூர் கோயிலைச் சுற்றி உட்காரும் பெண்களுக்குப் போடுகிறாள். இரண்டு ஊரையும் கட்டிப்போட்டிருப்பது அந்த பிக்கப் ஒன்றுதான்.

சென்னை தட்டையான ஊர் என்று நான் பல கதைகளில் எழுதியிருக்கிறேன். தப்பு. பாஞ்சாலிக்கு இந்த ஊரின் சரிவுகள் அத்தனையும் தெரியும். தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசல், நந்தனத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கை விட்டு வெளியே வரும் வழி, குளக்கரைத் தெருவில் ஒரு மூலை. சாவி போட்டால் வண்டி கிளம்பாது என்பதால் அவள் எங்கே போனாலும் சரிவில்தான் நிறுத்துவாள். உருட்டி, கியரைப் போட்டு, கிளட்சை விட்டுக் கிளப்புவாள். அப்படியே கிளப்பிக் கிளப்பிக் கிளட்சும் தேய்ந்து போனது.

(இங்கே அவளுடைய புருஷனைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது, "அந்தாள இன்னாத்துக்கு யக்கா வண்டில ஏத்துற?" என்று கேட்டாள். இறக்கிவிட்டேன்.)

இப்போது பிரச்சினை எஃப்.சி. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று அதிகாரி பார்த்துக் கொடுக்கும் சான்று. போன தடவை இன்ஜினை நிறுத்தி மறுபடி சாவியைத் திருப்பச் சொல்லியிருக்கிறார் ஒருவர். அங்கே மைதானம் சமதரை. வண்டி 'கர்ர்ர்' என்று பல்லைக் கடித்ததோடு சரி. "அடுத்த வாட்டி சாவியில கிளம்பலைன்னா காயலான் கடைக்குத்தாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அடுத்த வாட்டி, வருகிற திங்கட்கிழமை. அதற்குள் சரிசெய்ய வண்டியை மந்தவெளியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனாள், நானும் கூடப் போனேன்.

3

கைவிட்ட தொடக்கங்கள்:

'மந்தவெளிக் கால்வாய்க்கரையில் அந்தப் பட்டறை, காலத்தின்' — வேண்டாம். காலத்தின் எதுவும் அங்கே இல்லை, ஒரு கட்டை நாயும் வைஃபையும்தான் இருந்தன.

'பாஞ்சாலி அழுதாள்.' — அழவில்லை. நான்தான் அவளை அழவைக்கப் பார்க்கிறேன்.

'மெக்கானிக் லாரன்ஸ் அதிகம் பேசாதவர். அவர் கைகள்தான்' —

இதுதான் பெரிய பொய். ஏழை, எளிய, மௌனமான மேதை ஒருவரை எழுதத்தான் உட்கார்ந்தேன். லாரன்ஸ் ஒத்துழைக்கவில்லை. மனிதர் வாயை மூடுவதே இல்லை. அவருக்கு வீடியோ சானல் ஒன்று உண்டு. கியர் பாக்ஸை இறக்கும்போதும் போன் எதிரே நிற்கும். "மச்சிங்களா, இன்னிக்கு நம்மகிட்ட ஒரு கிழவி வந்துகீது" என்று ஆரம்பிப்பார். கிழவி என்றது வண்டியை, என்னை அல்ல. கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

4

கிளட்சு மாற்ற கியர் பாக்ஸை இறக்கினால் அதன் பின்னால் ஃப்ளைவீல் தெரியும். இன்ஜினின் பின்பக்கம் இருக்கிற கனத்த இரும்புத் தட்டு. அதன் விளிம்பில் ஒரு பல்வளையம் பூட்டியிருக்கும், பட்டறையில் ரிங் என்பார்கள். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் சின்னப் பல் இந்த ரிங்கைக் கடித்து இன்ஜினைச் சுற்றிவிடும். பாஞ்சாலி வண்டியில் கடிக்கப் பல் இல்லை. அதனால்தான் அந்தக் கர்ர்ர்.

லாரன்ஸ் ஃப்ளைவீலைக் கழற்றி வெயிலில் வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் இதற்காகத்தான் இந்தக் கதையே.

ரிங் முழுக்கத் தேயவில்லை. இரண்டே இடத்தில் தேய்ந்திருந்தது. நேர் எதிரெதிராக. மற்ற இடமெல்லாம் பல் புத்தம் புதிது.

"அதெப்படி?" என்றேன்.

"நாலு சிலிண்டர் இன்ஜின் மேடம். ஆஃப் பண்ணா கண்ட எடத்துல நிக்காது. மூச்ச இழுத்துகினு அடுத்த அமுக்கத்த தாண்டப் பாக்கும், முடியாது, கொஞ்சம் பின்னாடி வந்து குந்திக்கும். அப்டி குந்துற எடம் ரெண்டுதான். எப்பவுமே அந்த ரெண்டுதான். ஸ்டார்ட்டரு கடிக்கிறதும் அங்கயேதான்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. வேகமாக ஓடி நின்றாலும் சரி, மெதுவாக வந்து நின்றாலும் சரி, கோயம்பேட்டில் நின்றாலும் பெரும்பாக்கத்தில் நின்றாலும் சரி, அந்த இரும்பு தன்னுடைய அதே இரண்டு இடத்தைத் தேடிப்போய் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருஷமாக. யாரும் சொல்லித்தராமல்.

அதை நம்ப முடியாமல் அவரோடு, பழைய வண்டி உதிரி பாகங்கள் விற்கிற புதுப்பேட்டைக்கும் போனேன். இந்த மாடலுக்கு ரிங் அங்கே கிடைக்கவில்லை, கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. ஆனால் ஹஸன் பாய் கடையில் வேறு நாலு சிலிண்டர் வண்டிகளின் பழைய ரிங்குகள் ஆணியில் வளையல் மாதிரி தொங்கின. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எதிரெதிரே இரண்டு இடம். ஹஸன் பாய், "மேடம் நகை பாக்குற மாதிரி பாக்குறாங்களே" என்றார். நகைக்கடையில் நான் இப்படி நின்றதில்லை, பாய்.

* ஒரு அடிக்குறிப்பு. வீட்டுக்கு வந்து என் பழைய கதைகளைப் புரட்டினேன். என்னுடையவையும் இரண்டே இடத்தில்தான் நிற்கின்றன. ஒன்று, யாராவது அழுகிற இடம். இன்னொன்று, யாராவது ஜன்னல் வழியே மழையைப் பார்க்கிற இடம். எவ்வளவு வேகமாக ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் போய்க் குந்துகிறேன்.

5

வைத்தியம் எளிது. ரிங்கைக் கழற்றி, கொஞ்சம் திருப்பி மறுபடி பூட்டினால் போதும், இன்ஜின் நிற்கிற இடத்துக்குப் புதுப் பல் வந்துவிடும். பூட்டுவது என்றேனே, அதில் பூட்டு கிடையாது. போல்ட் கிடையாது, வெல்டிங் கிடையாது. ரிங்கைத் தீயில் காட்டினால் மயிரிழை அகலும். அந்த நேரத்தில் ஃப்ளைவீல் மேல் போட்டுவிட வேண்டும். ஆறினால் சுருங்கிக் கவ்விக்கொள்ளும், அப்புறம் மறுபடி நெருப்பு காட்டாமல் பிரியாது. சூடு ஆறுவது ஒன்றுதான் அந்த வண்டியைத் தாங்குகிறது. இதைக் கேட்டதும் நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் லாரன்ஸ் அதைச் செய்தார், போனைப் பார்த்துக்கொண்டே. "மச்சிங்களா, தேஞ்ச எடத்த தூக்கி அப்டியே எதுத்தாப்புல போடு. அர சுத்து. மேட்டர் ஓவர்." ரிங் உட்கார்ந்தது. புதுக் கிளட்சு ஏறியது, கியர் பாக்ஸ் ஏறியது.

அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம். பெரிய வேலை முடிந்தால் முதல் சாவியை வேலை செய்தவர் போடக் கூடாது, வண்டிக்காரரும் போடக் கூடாது. மூன்றாம் ஆளின் கைதான் ராசி.

"மேடம் கை எழுதுற கை. நீங்க போடுங்க" என்றார் லாரன்ஸ்.

போட்டேன்.

கர்ர்ர்.

மறுபடியும் கர்ர்ர். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரன்ஸ் பேட்டரியைச் சந்தேகப்பட்டார், மோட்டாரைத் திட்டினார், போனை அணைத்தார்.  பாஞ்சாலி எதிர்ப்பக்கத்து டீக்கடை பெஞ்சுகளைக் காட்டினாள்.

"நைனா, எதுத்தாப்புல குந்திகினு கீற ரெண்டு பேரு எடத்த மாத்திகினா, பெஞ்சு காலியா ஆயிடுமா?"

எனக்குப் புரிவதற்கு முன் லாரன்ஸ் முகம் மாறிவிட்டது. தேய்ந்த இடம் இரண்டு, எதிரெதிரே. அரைச் சுற்று திருப்பினால் இது போய் அங்கே உட்காரும், அது வந்து இங்கே உட்காரும். அவ்வளவு நெருப்பையும் மூட்டி அவர் ஒன்றையும் மாற்றவில்லை. திருப்ப வேண்டியது கால் சுற்று.

"ரிங்க திரும்ப கழட்டணும்" என்றார், வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாக.

"கழட்டு."

"ரெண்டாவது வாட்டி நெருப்பு காட்டுனா சில ரிங்கு தாங்காது பாஞ்சாலி. வெடிச்சிச்சின்னா வேற கெடையாது."

"அப்டியே வுட்டா திங்கக்கெழம காயலான் கட. கழட்டு நைனா."

6

(இந்த இடத்தில் நான் எழுதிய வரி: 'ஜன்னலுக்கு வெளியே மழை' — பாருங்கள். பட்டறைக்கு ஜன்னலே கிடையாது.)

சனிக்கிழமை. போன் இல்லை, மச்சிங்களா இல்லை. லாரன்ஸ் கழற்றிய ரிங்கில் பாதி தூரத்தைச் சாக்பீஸால் குறித்தார். அப்புறம் அதிலும் பாதி. மறுபடி மறுபடி சரிபார்த்தார். ஃப்ளைவீலிலும் ஒரு கோடு போட்டார். பிறகு ரிங்கைத் தீயில் சுற்றிச் சுற்றிக் காட்டினார்.

இரும்பு சூடாகும்போது முதலில் வைக்கோல் நிறம் வரும். அங்கே நிறுத்த வேண்டும். தாண்டினால் கத்தரிப்பூ நிறம், அதையும் தாண்டினால் நீலம். நீலம் வந்தால் பல்லின் உறுதி போய்விடும். நிறம் ரிங்கில் மெல்ல ஊர்ந்து வந்தது. வெயில் ஒரு சுவரில் ஏறுவதைப் போல இருந்தது.  கடவுளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து எதுவும் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் கைகூப்பியிருந்தேன் என்று பாஞ்சாலி பிறகு சொன்னாள்.

ஒரு இடத்தில் மட்டும் வைக்கோல் கொஞ்சம் கறுத்ததா? கத்தரிப்பூவா? எனக்குத் தெரியவில்லை. லாரன்ஸ் இடுக்கியால் தூக்கினார். கோட்டுக்குக் கோடு பொருந்த ஃப்ளைவீல் மேல் போட்டார். பொத்தென்று உட்கார்ந்தது. மூன்று பேரும் அது ஆறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆறும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. டிங்.

"புடிச்சிகிச்சி" என்றார் லாரன்ஸ்.

பாஞ்சாலி அவரையே பார்த்தாள். பிடித்துக்கொண்டாலும் டிங் என்றுதான் கேட்கும், மயிரிழை விரிசல் விட்டாலும் டிங் என்றுதான் கேட்கும். குனிந்து விளிம்பு முழுக்க விரலால் தடவினாள். எழுந்தாள். "மாட்டு" என்றாள்.

7

இப்போது முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

முதலாவதில் வண்டி கிளம்புகிறது, பாஞ்சாலி அழுகிறாள். இரண்டாவதில் கிளம்பவில்லை, பாஞ்சாலி மழையைப் பார்க்கிறாள். அரைச் சுற்று. இரண்டும் தேய்ந்த பல்தான். மூன்றாவதில் வண்டி கிளம்புகிறது, ஆனாலும் பழக்கதோஷத்தில் அவள் சரிவில் போய் நிறுத்துகிறாள். அதைப் படித்துக் காட்டினேன். "எனக்கு இன்னா பைத்தியமா யக்கா?" என்றாள். அதுவும் போயிற்று.

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன், நடந்த வரைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே எல்லாம் ஏறிவிட்டது. பட்டறை வாசல் சமதரை. உருட்ட வழியில்லை. பாஞ்சாலியே சாவியை எடுத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினாள். லாரன்ஸ் வழக்கம்போல என் பக்கம் கையைக் காட்டினார்.

"வாணாம்" என்றாள். "யக்கா நல்ல மன்சி. தள்ளச் சொல்லு, தள்ளும். சாவிக்கு அந்தக் கை வாணாம்."

மனசு சுருக்கென்றது, பொய் சொல்வானேன். ஆனால் அவள் சொன்னது சரி. லாரன்ஸ் கை கூடாது, அவள் கை கூடாது, என் கை ஏற்கெனவே போட்டுப் பார்த்த கை. வேறு யார் இருக்கிறார்கள்? கட்டை நாய் இருந்தது.

பாஞ்சாலி என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

"அங்க ஒருத்தரு ஆரம்பத்துலேர்ந்து ஒரு வார்த்த பேசாம நம்மளையே பாத்துகினு கீறாரே. அவர வரச் சொல்லு."

திரும்பிப் பார்த்தேன். நீங்கள்.

கொஞ்சம் தள்ளி நின்ற நாயைத் தாண்டி வாருங்கள். சீட்டு கிழிந்திருக்கும், பார்த்து உட்காருங்கள். பூ வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து அடிக்கும், பழகிவிடும். கிளட்சை முழுசாக மிதியுங்கள், புதுசு, காலுக்குக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். உங்கள் காலுக்கு முன்னால் அந்த இரும்பு தன் இரண்டு இடங்களில் ஒன்றில் போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கே இப்போது கடிபடாத பல். அதுவரை எனக்குத் தெரியும். அந்த டிங் என்ன என்பது எனக்குத் தெரியாது. லாரன்ஸ் போனை இன்னும் எடுக்கவில்லை. பாஞ்சாலி பானட்டில் கை வைத்து நிற்கிறாள், திங்கட்கிழமை முழுக்க அந்தக் கைக்குக் கீழே இருக்கிறது.

சாவி இதோ. வலது கையால் திருப்புங்கள்.