விடை: இரண்டு மணி நேரம்

எழுபத்தொன்றில் போர் மூண்டபோது வடக்கே ஒரு விமானப்படை முகாமில் நான் கல்விப் பயிற்றுநர். வீரர்களுக்காக மாதம் ஒரு பத்திரிகை நடத்தினேன். பூகோளம், பொது அறிவு, கணக்கு. எழுதுவது நான், ஸ்டென்சில் வெட்டுவது நான், சைக்ளோஸ்டைல் உருளை சுற்றிப் பிரதி எடுப்பதும் நான். சாப்பாட்டு வரிசையில் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதைப் படிப்பார்கள். பார்த்தால் எனக்குத் தலைகால் புரியாது. அந்த மை வாசனைக்கு இன்றும் ஏங்குகிறேன்.

போன வாரம் சேலையூர் வீட்டுப் பரணில் அந்த டிசம்பர், ஜனவரி இதழ்கள் கிடைத்தன. ஆசையாக உட்கார்ந்து டிசம்பர் கணக்கைப் போட்டேன். தொட்டியை ஒரு குழாய் மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று ஆறில் நிரப்பும், மூன்றாவது நான்கில் காலிசெய்யும். மூன்றையும் திறந்தால்? எனக்கு நான்கு மணி நேரம் வந்தது. ஜனவரி இதழில் விடை இரண்டு என்று இருந்தது.

கணக்கு ரொம்பச் சுலபமாக இருக்கிறதே என்று கடைசி நிமிடத்தில் மூன்றாவது குழாயைச் சேர்த்த மேதாவி நான்தான். விடையை மாற்ற மறந்திருக்கிறேன்.

போர் அமளியில் அந்த மாதம் விடை அனுப்பியது ஒரே ஒருவன், சமையற்கூடத்து குப்புராஜ். நான்கு என்று எழுதியிருந்தான். "மூணு தபா போட்டேன் சார்" என்று வந்து நின்றவனை, "பத்திரிகையில வந்தது தப்பாகுமாய்யா?" என்று எல்லார் முன்னிலும் விரட்டினேன். பதவி உயர்வுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன், அதை எழுதவே இல்லை. கணக்கு வராத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய சகாக்களின் வாட்ஸப் குழுவில் குப்புராஜைப் பற்றி விசாரித்தேன். கீழ்க்கட்டளையில் இருக்கிறாராம். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன்.

"குப்புராஜ், உங்க விடைதான் சரி. தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க."

அவர் சிரித்தார். "எனக்கு அப்பவே தெரியும் சார்."

"தெரியுமா? அப்புறம் ஏன் பரீட்சை எழுதல?"

"கரெக்டா போட்டாலே தப்புன்றாங்க, எழுதி இன்னா ஆவப் போவுதுன்னு வுட்டுட்டேன். ரிடையர் ஆவுற வரைக்கும் அடுப்பாண்டயே நின்னுகினு இருந்தேன்." குரலில் கோபமே இல்லை. "குந்துங்க சார், டீ போட்டாறேன்."

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.