பொம்மிடியின் சனிக்கிழமைக் கோயில்

எங்கள் ஜெபக்கூடத்தை மூடிவிட்டு வேதச்சுருளைத் தூக்கிக்கொண்டு போக பம்பாயிலிருந்து ஒரு மனிதர் வந்தார். அவரைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாங்கள் யூதர்கள். கொங்கணக் கரையில் எண்ணெய்ச் செக்கு ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் முப்பாட்டன்மார், ஜோலார்பேட்டை–சேலம் ரயில் பாதை போட்டபோது வேலைக்கு வந்து பொம்மிடியிலேயே தங்கிவிட்டார்கள். சனிக்கிழமை எங்கள் ஓய்வுநாள், சம்மட்டியைத் தொட மாட்டோம் என்று வெள்ளைக்காரனிடமே அடம்பிடித்து ஜெயித்தவர்கள். ரயிலடிக்குப் பின்னால் கருங்கல்லில் அவர்கள் கட்டிய கூடத்துக்கு ஊர் வைத்த பெயர் சனிக்கிழமைக் கோயில். தோலில் கையால் எழுதிய வேதச்சுருள் கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கியபோது மேளம் வைத்து அழைத்து வந்தார்களாம். தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கே வழியில்லாதபோதும் அதன் முன்னால் எரிந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவர்கள் எங்கள் ஆட்கள்.

ஐம்பதுகளில்தான் வினை பிடித்தது. இஸ்ரேல் என்று ஒரு நாடு உண்டாகி, எங்கள் ஜனம் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போனது. எழுபத்தொன்றில் மிஞ்சியவர்கள் ஏழே ஆண்கள். சபையாகத் தொழுவதற்குப் பத்து ஆண்கள் வேண்டும். பெண்கள் எத்தனை பேர் இருந்தாலும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்றும் தீரவில்லை.

வந்தவர் பெயர் ஹஸ்கேல். மராத்தியில் பொறுமையாகத்தான் பேசினார். "புரட்டாசியில் வரும் பெரிய நோன்பன்று உள்ளூர் ஆண்கள் பத்துப் பேர் நின்றால் சுருள் இங்கேயே இருக்கட்டும். இல்லையென்றால் நான் கொண்டுபோகிறேன். என்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள், நான் விருந்தாளி" என்றார்.

எங்கள் சபையை நடத்தியவர் என் அண்ணன் ரகமீம், ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்ணா, கம்பைநல்லூர்ல மூணு பேரு இருக்கறாங்களே, மறந்து போச்சா?" என்றேன்.

எங்கள் தங்கை சீமாவின் பிள்ளைகளைத்தான் சொன்னேன். மாதேஸ்வரன் என்ற விவசாயியைக் கட்டிக்கொண்டாள் என்று அண்ணன் அவளைத் தலைமுழுகி வருஷக்கணக்காகியிருந்தது.

"வாய மூடு மல்கா! அதுங்க மாதேஸ்வரன் பசங்க. அப்பன் எதுவோ புள்ளயும் அதுதான். ஊரு ஒலகத்துக்கே தெரியுமே!"

இதுதான் நாங்கள் செய்த மடத்தனம். நூறு வருஷம் இந்த ஊரோடு கலந்து வாழ்ந்ததில், பிள்ளை அப்பன் வழிதான் என்று நாங்களும் நம்பிவிட்டோம்.

"அப்பறம் எதுக்குண்ணா இஸ்ரேலுக்குப் போன நம்மாளுங்கள அங்கத்த குருமாருங்க நிக்க வெச்சு, ஒங்கம்மா யாரு, அவளப் பெத்தவ யாருன்னு தோண்டித் தோண்டிக் கேட்டாங்க? அவமானம்னு நீகூட ஒரு வாரம் குதிச்சியே! அவங்க அப்பனயா கேட்டாங்க?"

அதையே ஹஸ்கேலுக்குப் புரியும்படி மராத்தியிலும் கேட்டேன். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தாடியைத் தடவிக்கொண்டே, "தாய் நம்மவள் என்றால் பிள்ளைகளும் நம்மவர்கள். இதில் சந்தேகமே கிடையாது" என்றார். எனக்கு அங்கேயே ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது.

மறுநாள் அண்ணனை இழுத்துக்கொண்டு கம்பைநல்லூர் போனேன். சீமா களத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் முறம் நிற்கவில்லை.

"ஆள் கொறயுதுன்னதும் தங்கச்சி நெனப்பு வந்துருச்சுங்களா?" என்றாள். கூடப் பிறந்த அண்ணனுக்கு அந்நியருக்குக் கொடுக்கிற மரியாதை!

"ஆமா சீமா, அதுக்குத்தான் வந்தேன். பொய் சொல்லல" என்றார் அண்ணன். "ஆனா ஒன்னக் கண்ணுல பார்த்ததும் வந்த வேல மறந்துபோச்சு. தப்பு எம்மேலதான்."

சீமா முறத்தைக் கீழே வைத்தாள். "மூணு பேருக்கும் நம்ம மொறப்படி பொறந்த எட்டாம் நாளே தருமபுரி பாய வரவெச்சு சுன்னத்து முடிச்சாச்சு. எங்க வூட்டுக்காரரு ஒரு வார்த்த சொல்லல. சனிக்கெழம இந்த வூட்டுல அடுப்பு மூட்டறதில்ல. நீங்கதான் என்ன வுட்டீங்க, நா எதயும் வுடல."

அண்ணன் குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். சீமாவின் மூத்தவன் சென்னப்பன் சேற்றுக் காலோடு வரப்பிலிருந்து ஏறி வந்து, "அம்மா சொன்னா வர்றோங்க மாமா" என்றான்.

நோன்பன்று காலையில் பத்து ஆண்களும் வெள்ளை உடுத்தி நின்றார்கள். பெண்களுக்கான திரைக்குப் பின்னால் நானும் சீமாவும். வாசலுக்கு வெளியே மாதேஸ்வரனும் ஊர்க்காரர்களும். ஹஸ்கேல் தானே போய் சுருள் இருந்த அலமாரியைத் திறந்து, "பத்தும் நிறைந்தது. இந்தச் சுருள் பொம்மிடியை விட்டு நகராது" என்றார். பம்பாய்க்காரர் தோற்ற மாதிரியே தெரியவில்லை, முகமெல்லாம் சிரிப்பு.

சுருளை விரித்ததும் அதன் முன்னால் வந்து நிற்க ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். இன்னாரின் மகன் இன்னார் என்று தகப்பன் பெயரைச் சொல்வது வழக்கம். தகப்பன் வேறு மதம் என்றால் தாயின் பெயர்தான் என்று ஹஸ்கேல் அண்ணன் காதருகே சொன்னார். அண்ணன் ஒரு முறை செருமிக்கொண்டு, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

"சீமாவின் மகன் சென்னப்பன் வரட்டும்!"

சீமா என் கையை உதறிவிட்டு, திரையைத் தள்ளிக்கொண்டு, மகனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பெண்கள் நிற்கக் கூடாத இடம் அது. போ என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை, ஹஸ்கேலுக்கும்தான்.