பஞ்சமத்தில் நின்றவள்

வெண்மதி மைக்கை வாங்கியபோது எழிலன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தான். தைராய்டு ஆபரேஷன் தழும்பை மறைக்க அவள் போட்டிருந்த அகலமான பாசிமணி அட்டிகை ஒருமுறை ஏறி இறங்கியது. எச்சில் விழுங்குகிறாள். கட்டிய மனைவியின் பயம் அவனுக்குத் தெரியாதா?

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். ரிசப்ஷன். மணமக்களோடு போட்டோவுக்கு நிற்கும் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. நாற்காலிகளில் பாதி காலி. மீதிப் பாதி, பந்திக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தது. கடலூரிலிருந்து வந்த ஆர்கெஸ்ட்ராவைக் காதுகொடுத்துக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜெயப்பிரகாஷ். குழுவுக்கு முதலாளி, வெண்மதிக்கு அப்பா, கிடார் வாசிக்கும் எழிலனுக்கு மாமனார். மூன்று பதவியிலும் கறார்.

வரும் வழியில் வேன் ஆலப்பாக்கம் தாண்டியதுமே ஆரம்பித்துவிட்டார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் மேல போவசொல்ல குரல் உடையுது. வீட்ல எத்தினி வாட்டி பாத்தாச்சி. பாட்ட இப்ப பாடற சந்திரலேகாவே பாடட்டும். நீ மைக்க புடிச்சி எல்லாருக்கும் வணக்கம் சொல்லு, போதும்."

"ஒரே ஒரு பாட்டுப்பா. இன்னைக்கி உடஞ்சிச்சின்னா நானே மைக்க வச்சிடறேன். அப்புறம் கேக்கவே மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். அது எழிலனுக்குத் தெரியும். மாமனாரின் பார்வை அடுத்து அவன் பக்கம் திரும்பியது.

"மாப்ள, உனக்கும் சேத்துத்தான். அந்த ஜாஸ் கார்டெல்லாம் கம்பெனி பஸ்ஸோட நிக்கட்டும். நெல்லிக்குப்பத்துல பொண்ணு வூட்டுக்காரன் வந்து, 'கிடாருக்கு சுதி சேக்கலயா சார்'னு கேட்டான். மானம் போச்சி."

"சரிங்க மாமா."

எழிலனுக்குக் குடிகாட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. போகவர பஸ்ஸில் காதில் ஹெட்போன், போனில் ஜாஸ் பாடம். சாப்பாட்டுப் பையின் கைப்பிடியே கிடாரின் கழுத்து. கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கிற சில சுரங்கள்; ஊரெல்லாம் ஒரு கார்டு வாசிக்கிற இடத்தில் அதற்குப் பதிலாக இன்னொன்றை நிறுத்துகிற வித்தையில் அவன் கிறங்கிப்போயிருந்தான். ஜி செவனுக்கும் டி ஃபிளாட் செவனுக்கும் பார்த்தால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் உள்ளே இருக்கிற இரண்டு சுரங்கள் பொது. அடியில் நிற்கிற சுரம் மட்டும் வேறு. ஒருநாள் வெண்மதியிடம் விளக்கினான்: "ஆளு அதே ஆளுதான். வேற வாசல் வழியா வர்றான்." அவள் சிரித்தாள். "எங்கப்பா ரெண்டு வாசலையும் பூட்டிடுவாரு, பாத்துக்குங்க."

மேடையில் பல்லவி போயிற்று. குரலில் பழைய பளபளப்பு இல்லை. கொஞ்சம் மணல் கலந்திருந்தது. மோசமில்லை. சரணம் தொடங்கியது. கடைசி வரியில்தான் கண்டம். 'ப'வில் கால் வைத்து ஒரே தாவலில் மேல் 'ச'வைப் பிடிக்க வேண்டும்; கிடார் கணக்கில் ஜியிலிருந்து மேல் சிக்கு. வீட்டில் ஒவ்வொரு முறையும் குரல் உடைந்தது அந்தத் தாவலில்தான்.

கடைசி வரி. 'ப'வுக்கு வந்தாள். அட்டிகை ஏறியது. இறங்கவில்லை.

தாவவும் இல்லை.

அந்தச் சுரத்தையே நீட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். மூச்சு இருந்தது, குரல் இருந்தது, துணிச்சல்தான் இல்லை. ஜெயப்பிரகாஷின் வலது கை கீபோர்டின் மேல்கட்டைகளை நோக்கி எழுந்ததை எழிலன் பார்த்தான். மகள் விட்ட சுரத்தை அப்பா எடுத்துக்கொடுக்கப் போகிறார். அன்பாகத்தான். ஆனால் அந்தக் கட்டை அழுந்திவிட்டால் அவ்வளவுதான். இனி அவள் வணக்கம் சொல்கிறவள்.

எழிலன் யோசிக்கவில்லை. விரல்கள் தாமாகப் போய் ஈ மைனரில் விழுந்தன. அதற்குள் அவளுடைய 'ப' இருந்தது. அரைப்படி, அதாவது ஒரே ஒரு கட்டை, கீழே ஈ ஃபிளாட், அதற்குள்ளும் இருந்தது. இன்னும் அரைப்படி இறங்கி டி மைனர், அதில் 'ப' ஓரமாக ஒட்டிக்கொண்டது. அடுத்தது ஜி செவன் வரவேண்டிய இடம். டி ஃபிளாட் செவனை வைத்தான். அந்தக் கார்டோடு அவளுடைய சுரம் தொண்டையில் சிக்கிய முள் மாதிரி உறுத்தியது. மண்டபமே ஒரு விநாடி என்னவோ ஆகப்போகிறது என்று தலை தூக்கினாற்போல் அவனுக்குத் தோன்றியது. மாமனாரின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அது கீழே வந்தது, மெதுவாக, இடது கைப் பக்கம். எழிலன் சி மேஜரில் இறங்கிய அதே தட்டில், அடியில் அவருடைய கனத்த 'ச'வும் விழுந்தது.

முள் கரைந்தது. அவள் நின்ற இடத்திலேயே நிற்க, வரி ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

பெரிய கைத்தட்டல் எல்லாம் இல்லை. போட்டோ வரிசையில் யாரோ ஒரு விசில் அடித்தார். எழிலனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பந்தியில் மூவரும் ஒரே வரிசை. ஜெயப்பிரகாஷ் அப்பளத்தை நொறுக்கினார்.

"கடைசியில என்ன கார்டு அது?"

"டி ஃபிளாட் செவன் மாமா. நீங்க ஜி செவன் போடற எடம்."

"அது எங்க, இது எங்க..." என்றவர் பாதியில் நிறுத்தினார். உதடு ஏதோ கணக்குப் போட்டது. "அட!"

"நீ ஏம்மா நின்னுட்ட?" என்று மகளிடம் திரும்பினார்.

"பயம்தான்ப்பா. மானம் போச்சின்னு கண்ண மூடிக்கிட்டேன். அப்ப பாத்தா காலுக்குக் கீழ படி ஒண்ணொண்ணா எறங்குது. நான் மேலயே இருக்கறேன்."

"பண்ருட்டி கச்சேரியில சந்திரலேகாவுக்கு டூயட்டு மட்டும் போதும்" என்றார் அவர், இலையைப் பார்த்துக்கொண்டே. "மாப்ள, அந்தப் படிய இன்னொரு வாட்டி சொல்லு. எங்க ஆரம்பிச்ச?"

எழிலன் வாயில் சோறு. வெண்மதி முந்திக்கொண்டாள். புழுக்கம் தாங்காமல் அட்டிகையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அந்த வரியை மெல்ல முணுமுணுத்தாள். 'ப'வில் வந்து நின்றாள். குழல்விளக்கின் கீழ் தழும்பு லேசாகத் துடித்தது. ரசம் ஊற்ற வந்தவர் வாளியோடு காத்திருந்தார். ஜெயப்பிரகாஷின் வலது கை இலையிலேயே கிடக்க, இடது கை மேசைமேல் விரித்த காகிதத்தில் அரைப்படி அரைப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது.